லிஃப்ட் செய்த தாருக்கு மட் டயர்: 33 போதுமா, 35 போடலாமா?

எட்டயபுரத்து மருமகன் (மதுரை)

வணக்கம். வண்டி 2022 மஹிந்திரா தார், டீசல், மேனுவல், ஹார்ட் டாப். கம்பெனியில் வந்த டயர் 255/65 ஆர்18 (அகலம் 255 மி.மீ., சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம்). போன மாதம் ஸ்பிரிங்கை உயர்த்தி 2 அங்குல சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டேன். அதற்குப் பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நிறைய இடம் தெரிகிறது, பார்க்க என்னவோ போல இருக்கிறது.

வார நாட்களில் வண்டி மதுரைக்குள்தான் ஓடும். வார இறுதியில் எட்டயபுரம் பக்கம் மாமனார் ஊர். தார்ச்சாலையை விட்டு இறங்கி நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதை முழுக்கக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையிலும் அதில் போய்த்தான் ஆக வேண்டும். போன மழைக்கு நடுவழியில் சிக்கி, மாமனாரே டிராக்டர் எடுத்து வந்து இழுத்தார். இழுத்ததுகூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இழுத்தாரே, அதுதான் தாங்கவில்லை.

சேற்றுக்கான மட் டயர் என்று முடிவாகிவிட்டது. 33×12.5 போடவா, 35×12.5 போடவா (விட்டம் × அகலம், அங்குலத்தில்)? 2 அங்குல லிஃப்டில் 35 உள்ளே போகுமா? பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர் கட்டிகள்) எந்த மாதிரி இருந்தால் நல்லது?

நாலுக்குநாலு (நாகர்கோவில்)

35 போடுங்கள். மட்கார்டை வெட்டி ஃப்ளேர் (வெளியே நீளும் விளிம்பு) வைத்தால் உள்ளே போய்விடும். ஆள் பாதி, டயர் பாதி.

பழைய பட்டறை (கோவை)

மருமகன் சார், அந்த லிஃப்ட் உங்கள் வண்டிக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

தாரின் பின்பக்கம் முழு ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே தண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் மேலே போகும். ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். சேற்றுத் தடத்தில் முதலில் தரை தட்டுவது அந்த உருண்டைதான். அதை உயர்த்த டயரை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த டயரிலும் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

255/65 ஆர்18 என்பது சுமார் 789 மி.மீ. விட்டம். ஷோரூமிலிருந்து வரும்போதே உங்கள் டயர் 31 அங்குலம். கடையில் 33 என்று விற்கும் 285/70 ஆர்17 சுமார் 831 மி.மீ. ஆக உங்களுக்குக் கிடைப்பது 21 மி.மீ. உயரம். நிஜமான 35 என்றால் 50 மி.மீ. கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மி.மீ. 50 என்பது நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. அதற்குக் கொடுக்கிற விலை என்ன என்பதுதான் கேள்வி.

விட்டம் ஏறக்குறைய 13 சதவீதம் கூடினால் எல்லா கியரும் அதே அளவு நீளமாகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 90-ல் போய்க்கொண்டிருக்கும். லோ கியரில் ஊர்ந்து போகிற வேகம் கூடும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக் குறையும், கிளட்ச் அதிகம் தேயும். தார் டீசலின் 300 நியூட்டன் மீட்டர் இதில் பாதியை மறைத்துவிடும், அதனால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியாது. கிளட்ச் பிளேட்டுக்குத் தெரியும்.

ஜீப் கம்பெனியே 2021-ல் ராங்லர் ரூபிகானுக்கு 35 அங்குல டயர் பேக்கேஜ் கொண்டு வந்தபோது என்ன செய்தார்கள் பாருங்கள். நீளமாகும் கியரை ஈடுகட்ட ஆக்சில் கியர் ரேஷியோவை 4.10-லிருந்து 4.56 ஆக மாற்றினார்கள், ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள், ஸ்டெப்னி தொங்கும் பின்கதவையும் பலப்படுத்தினார்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு விற்கவில்லை. அந்த வண்டிக்கு முன்னாலும் முழு ஆக்சில். உங்களுக்கு முன்பக்கம் இண்டிபெண்டன்ட், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். 2 அங்குலம் உயர்த்தியதால் டிரைவ் ஷாஃப்ட் ஏற்கெனவே சாய்வாக வேலை செய்கிறது. அதன் முனையில் 35 அங்குல டயரை மாட்டி, சேற்றில் சிக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் எவ்வளவு நாள் தாங்கும்? பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாம் அடுத்து வரிசையில் நிற்கும்.

நாலுக்குநாலு (நாகர்கோவில்)

//லோ கியரில் ஊர்ந்து போகிற வேகம் கூடும்//

பட்டறை அண்ணா, சேற்றுக்கு அது நல்லதுதானே? சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் பட்டனில் ஒட்டிய மண் தெறித்து விழும். பாறைக்கு ஊர்ந்து போகலாம், சேற்றில் ஊர்ந்தால் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

பழைய பட்டறை (கோவை)

சரியான பாயிண்ட். ஆனால் அந்த வேகத்தைக் கியரை மாற்றியே எடுத்துக்கொள்ளலாம். லோவில் முதல் கியரை விட்டுவிட்டு 2, 3 என்று போட்டால் வேண்டிய சுழற்சி வந்துவிடும். பெரிய டயரால் வருகிற வேகம் வேண்டாத நேரத்திலும் கூடவே வரும், டயரைச் சுற்ற ஆகிற செலவும் சேர்ந்து வரும். மட் டயர் கனமானது தம்பி. 285/75 ஆர்16 ஒன்றின் ரப்பர் மட்டுமே 25 கிலோவைத் தாண்டும். அந்தக் கனம் வட்டத்தின் வெளிவிளிம்பில் இருக்கிறது. கிளப்பவும் சிரமம், நிறுத்தவும் சிரமம்.

விளாத்திகுளம் விவசாயி (விளாத்திகுளம்)

எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், மாப்பிள்ளை. அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். நீங்கள் எல்லோரும் அங்குலம் பேசுகிறீர்கள், நான் மண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.

கரிசல் சாதாரணச் சேறு இல்லை. அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும், காய்ந்தால் கால் நுழைகிற அளவு வெடிக்கும். மழைக்காலத்தில் அதற்கு இரண்டு குணம் உண்டு. முதல் மழை லேசாகப் பெய்யும்போது மேலே நாலு விரல்தான் குழையும், கீழே மண் கெட்டியாக இருக்கும். அப்போது வண்டி புதையாது, வழுக்கும். அகல டயர் போட்டவன் அந்தக் குழைவின் மேலேயே மிதந்து ஓடைப்பக்கம் போவான். ஒடுங்கிய டயர் அதை அறுத்துக்கொண்டு கெட்டி மண்ணைப் பிடிக்கும். அடைமழையாகப் பல நாள் பெய்து ஊறிவிட்டால் அது வேறு கதை. அடி ஆழம் தெரியாது, எந்த டயரும் ஓரளவுக்குத்தான். அந்த நாளில் டிராக்டர்காரனே யோசிப்பான்.

இன்னொன்று, யாரும் இங்கே சொல்லாதது. கரிசல் பட்டனுக்குள் மட்டும் ஒட்டாது. சக்கரத்தோடு சுற்றி மேலே போய் மட்கார்டின் உள்பக்கம் அப்பிக்கொள்ளும். அதன்மேல் இன்னொரு அப்பு. கொஞ்ச தூரத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் இறுகி, சக்கரமே சுற்றாது. சின்ன வயதில் மழையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேளுங்கள். பாதி வழி குச்சியால் மட்கார்டை நோண்டிக்கொண்டே தள்ளிப் போவோம், முடியாவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வோம்.

அதனால் லிஃப்ட் போட்டதும் தெரிகிறதே அந்தக் காலி இடம், “என்னவோ போல இருக்கிறது” என்றீர்களே, கரிசலில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். அதை 35 போட்டு அடைத்தீர்கள் என்றால் மாமனார் மறுபடி டிராக்டரை எடுப்பார்.

எட்டயபுரத்து மருமகன் (மதுரை)

ஐயா, நீங்கள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது. இழுத்துக் கரையேற்றியதும் முன் சக்கரத்துக்கு மேலே கடப்பாறை போட்டு மண்ணைப் பெயர்த்தார்கள். நான் அதை வண்டி புதைந்ததால் ஏறிய மண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் 33-உம் வேண்டாமா? அகலம் எவ்வளவு வைப்பது?

டெல்டா நண்டு (மன்னார்குடி)

ஒடுக்கமான டயருக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு ஓட்டு. நாங்கள் ஓட்டுவது கரிசல் இல்லை, நஞ்சை வண்டல். வருஷா வருஷம் சேற்றுழவு உழுது உழுது, அரை அடி முக்கால் அடி ஆழத்தில் ஒரு கெட்டித்தளம் இறுகிக் கிடக்கும். நடவு வயலில் தண்ணீர் நிற்பதே அதனால்தான். டயர் அந்தத் தளத்தைத் தொட்டுவிட்டால் பிடிமானம் உண்டு. அகல டயர் அதைத் தொடாமல் கூழைத் தள்ளிக்கொண்டே போகும், இன்ஜின் திணறும். டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுவது எதற்கு? வெறும் இரும்புப் பட்டைகள், நடுவில் எல்லாம் வெளி. சேறு உள்ளே தங்காது. மட் டயர் வாங்கும்போதும் அதையே பாருங்கள்: பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் எவ்வளவு வெளி இருக்கிறது, அந்த வெளி ஓரம் வரை தடையில்லாமல் திறந்திருக்கிறதா என்று.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப் போட்டிருந்தது 6.00-16. அகலம் ஆறு அங்குலம். அது போகாத சேறா?

தேரிமணல் (சாத்தான்குளம்)

ஒடுக்கம் ஒடுக்கம் என்று எல்லோரும் ஒரே பாட்டு பாடினால் எப்படி? எங்கள் தேரியில் (செம்மணல் காடு) உங்கள் ஆறு அங்குல வில்லீஸை விட்டுப் பாருங்கள், பம்பர் வரை உள்ளே போகும். இங்கே அடியில் கெட்டித்தளம் எதுவும் இல்லை, எத்தனை அடி போனாலும் மணல். மிதக்க வேண்டும், அறுக்கக் கூடாது. மட் டயரின் பெரிய பட்டன் மணலைத் தோண்டிப் பின்னால் வீசிக் குழி பறிக்கும். நான் போட்டிருப்பது ஏ.டி. (ஆல்-டெரெய்ன், எல்லாத் தரைக்குமான) டயர்தான், காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டு ஓட்டுகிறேன், போதும்.

டெல்டா நண்டு (மன்னார்குடி)

அண்ணாச்சி, கேட்டவர் போவது கரிசலுக்கு. தேரிக்கு அவர் வரும்போது உங்கள் வீட்டில் டயர் வாங்கிக்கொள்ளட்டும்.

தேரிமணல் (சாத்தான்குளம்)

பதநீரும் தருகிறேன், வரச் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னதில் கரிசலுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. காற்றைக் குறைத்தால் டயர் பதியும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும். நீளமாகப் பதிந்தால் அதிகப் பட்டன்கள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும், முன்னால் தள்ள வேண்டிய சேறோ கூடாது. பெரிய டயர் வாங்கும் காசில் ஒரு நல்ல கம்ப்ரசரும் காற்று மானியும் வாங்கினால், இருக்கிற டயரே இன்னும் கொஞ்சம் தூரம் போகும். 18 அங்குல ரிம்மில் அதைச் செய்யத் தயங்குகிறார்கள், ஏனென்றால் சைடுவால் உயரம் கம்மி.

பழைய பட்டறை (கோவை)

தேரிமணல் அண்ணாச்சி சரியான இடத்தில் கை வைத்தார். ரிம்மைப் பற்றி யாருமே பேசவில்லை.

தாரின் ஆரம்ப மாடல்களில் கீழ் வேரியன்டுக்கு 16 அங்குல ஸ்டீல் ரிம், 245/75 ஆர்16 டயர் கொடுத்தார்கள். அதாவது 16 ரிம் பிரேக்கில் இடிக்காமல் உட்காரும் என்பதைக் கம்பெனியே காட்டிவிட்டது. அந்த ரிம்மில் 265/75 ஆர்16 மட் டயர் போட்டால் விட்டம் சுமார் 804 மி.மீ., கிட்டத்தட்ட 31.7 அங்குலம். உங்களுடைய 18-ஐவிட உயரம் 7, 8 மி.மீ.தான் கூடும், ஆனால் சைடுவால் 166 மி.மீ.யிலிருந்து 199 ஆகிறது. காற்றை இறக்கினால் நன்றாகப் பிதுங்கும், கல்லில் ரிம் அடிபடாது. லிஃப்டில் கிடைத்த இடமும் அப்படியே மிஞ்சும். விளாத்திகுளத்து ஐயா சொன்ன அந்தக் காலி இடம் இதுதான்.

உயரம்தான் முக்கியம் என்றால் 17 ரிம்மில் 255/75 ஆர்17. விட்டம் சுமார் 814 மி.மீ., 32 அங்குலம், ஒடுக்கமானது. முந்தைய தலைமுறை ராங்லர் ரூபிகானுக்குக் கம்பெனி கொடுத்த அளவு இதுவே. ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் 3 சதவீதம்தான், கியரும் அவ்வளவாகக் கெடாது. கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

33×12.5 என்றால் 317 மி.மீ. அகலம். அதற்கேற்ற அகல ரிம், ஆஃப்செட் குறைந்தது (சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்), டயர் வெளியே துருத்தும், முழு ஒடிப்பில் பம்பர் ஓரத்தையும் உள் லைனரையும் தேய்க்கும், வெட்ட வேண்டும். கதவு முழுக்கச் சேறு அடிக்கும். உங்கள் மண்ணுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

பிளையையும், அதாவது டயரின் பலத்தைச் சொல்லும் அடுக்கு எண்ணையும், பாருங்கள். 10 பிளை டயர் கனரக வண்டிக்கானது. அதைத் தார் மாதிரி வண்டியில் போட்டுக் காற்றை எவ்வளவு இறக்கினாலும் சைடுவால் மரக்கட்டையாக நிற்கும், பதியாது. எடை குறைந்த மாருதி ஜிப்சிக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். உங்களுக்கு 6 பிளை கிடைத்தால் போதும். முள், கூர்க்கல் அதிகமுள்ள பாதை என்றால் மட்டும் கனமான பிளையை யோசியுங்கள். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ் எண் கம்பெனி டயருடையதற்குக் கீழே போகக் கூடாது.

மலைப்பாதை (போடி)

ஒரு சின்னக் குறுக்கீடு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்கள் அந்தப் பாதையைப் பார்த்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற எலும்பையெல்லாம் எண்ணிக் கொடுக்கும் பாதை. அதில் தினமும் ஆளேற்றி ஓடுகிற பழைய மஹிந்திரா ஜீப்புகளில் எத்தனை வண்டியில் 33 பார்த்தீர்கள்? ஒடுங்கிய சாதாரண டயர், நல்ல லோ கியர், பாதை தெரிந்த டிரைவர். அவ்வளவுதான்.

நான் கேட்க வந்தது வேறு. மருமகன் வாரத்தில் ஐந்து நாள் மதுரைக்குள், பிறகு அருப்புக்கோட்டை வழியாக நாலுவழிச் சாலை. மழையில் தார்ச்சாலையில் மட் டயர் எப்படி நிற்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லையே? பட்டன்கள் பெரிய பெரிய கட்டிகள், மேலே மெல்லிய கீறல்கள் குறைவு. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் கம்பெனி டயர் நிற்கும் தூரத்தில் நிற்காது. வளைவில் பின்பக்கம் விலகும். சத்தம் வேறு, 80-க்கு மேல் வண்டிக்குள் ரைஸ்மில் ஓடும். மழைக்காலம் என்பது சேற்றுக்கும் மழைக்காலம், நாலுவழிச் சாலைக்கும் மழைக்காலம். குடும்பத்தோடு போகிற வண்டி அது.

நாலுக்குநாலு (நாகர்கோவில்)

பயமுறுத்தாதீர்கள். இப்போது வருகிற மட் டயர்களில் கீறல் கொடுத்துத்தான் வருகிறது. யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி003, பி.எஃப். குட்ரிச் கே.எம்.3 எல்லாம் பழைய டயர் மாதிரி இல்லை. என் வண்டியில் மட் டயர்தான் தினமும் ஓடுகிறது. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

மலைப்பாதை (போடி)

மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நானும் சொன்னேன்.

ஆர்.சி. புத்தகம் (சென்னை)

எல்லோரும் கேட்க விரும்பாத விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி வண்டியைச் சட்டவிரோதமாக மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அந்த மாடலின் ஏதாவது ஒரு வேரியன்டுக்குத் தயாரிப்பாளரே கொடுத்த அளவு என்றால் பேச இடமிருக்கும். 35 போட்டு மட்கார்டை வெட்டி வெளியே துருத்தவிட்டால் செக்போஸ்ட்டில் யாரும் டேப் எடுத்து அளக்க வேண்டாம், நூறு அடிக்கு அந்தப் பக்கமே தெரியும்.

அபராதத்தைவிட இன்ஷூரன்ஸ் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒருவர் லிஃப்ட், பெரிய டயர் எதையும் பாலிசியில் தெரிவிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் படம் எடுத்தது டயரைத்தான். கிளெய்ம் இழுத்துக்கொண்டே போயிற்று.

நாலுக்குநாலு (நாகர்கோவில்)

இப்படிப் பார்த்தால் பம்பர், வின்ச் எதுவுமே போட முடியாது. ஊரில் எத்தனை வண்டி ஓடுகிறது, யார் பிடிக்கிறார்கள்?

ஆர்.சி. புத்தகம் (சென்னை)

பிடிக்கிறார்களா இல்லையா என்பது அன்றைய அதிர்ஷ்டம். எதிரே வருகிறவனுக்கு அடிபட்டால் அதிர்ஷ்டம் பேசாது, பாலிசிதான் பேசும். போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாற்றியதை இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுத்தில் கொடுங்கள், கம்பெனி அளவுக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

எட்டயபுரத்து மருமகன் (மதுரை)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது: 18 அங்குல ரிம்மும் கம்பெனி டயரும் அப்படியே இருக்கட்டும், மதுரைக்கு அதுதான். தனியாக 16 ஸ்டீல் ரிம் ஒரு செட் எடுத்து 265/75 ஆர்16 மட் டயர் போட்டு வைக்கிறேன். புரட்டாசி கடைசியில் ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்கிறேன், மார்கழியில் பழையபடி. 35 ஆசை போகவில்லை, ஆனால் லிஃப்ட் போட்டு வந்த இடத்தை டயர் போட்டு அடைக்க இப்போது மனம் வரவில்லை.

சந்தேகம் ஒன்று. நாலு ரிம் போதுமா, ஐந்து வேண்டுமா? ஸ்டெப்னியாக 18-ஐயே தொங்கவிட்டால் ஆகாதா?

பழைய பட்டறை (கோவை)

ஐந்து எடுங்கள். ஃபோர் வீல் போட்டிருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டமாக இருந்தால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு கழன்றுவிடும், கெட்டித் தரையில் விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் வாங்கிக்கொள்ளும். பின் டிஃபரன்ஷியலில் லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது) உள்ள வேரியன்ட் என்றால் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்பது கட்டாயம், இல்லாவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்த லாக்கருக்குத் தேவையில்லாத வேலை.

பின்கதவின் கீலையும் பாருங்கள். ஸ்டெப்னி கனம் கூடினால் கதவு இறங்கும், மூடும்போது தூக்கி மூட வேண்டிவரும். இந்த அளவு டயருக்குச் சமாளிக்கலாம். 35-ஐ அங்கே தொங்கவிட்டால் கதவு முதலில் பட்டறைக்கு வரும்.

நட்டு விஷயத்தில் கவனம். அலாய் ரிம் நட்டும் ஸ்டீல் ரிம் நட்டும் உட்காரும் விதம் ஒன்றாக இல்லாமல் போகலாம். ரிம் வாங்கும் இடத்திலேயே கேட்டு அதற்குரியதை வாங்குங்கள். மாட்டி ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் பானா போட்டு மறுபடி இறுக்கிவிடுங்கள்.

டெல்டா நண்டு (மன்னார்குடி)

வருஷத்தில் மூன்று மாதம்தான் ஓடப்போகிறது என்றால் புதுசு எதற்கு? மினி லாரிக்கு வருகிற 7.50-16 லக் டயர் இருக்கிறதே. விட்டம் ஏறக்குறைய 32 அங்குலம், ஒடுக்கம், விலையும் கம்மி. பழைய ஜீப்காரர்கள் பலரும் அதைத்தான் போட்டார்கள். இல்லையென்றால் மேல் ரப்பரைப் புதிதாக ஒட்டிய ரீட்ரெட் மட் டயர்.

பழைய பட்டறை (கோவை)

7.50-16 நைலான் டயர் வயலுக்குப் போகிற பழைய ஜீப்புக்குச் சரி. மதுரையிலிருந்து எட்டயபுரம் வரை நாலுவழிச் சாலையில் அதை ஓட்டிப் பாருங்கள், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் போகிறது என்று டயர்தான் முடிவு செய்யும். ரீட்ரெட்டும் அப்படியே. சேற்றில் மெதுவாக ஓடும் வண்டிக்குத் தப்பில்லை. வெயிலில், வேகத்தில், காற்றுக் குறைந்து சூடேறினால் மேல் ரப்பர் உரிகிற ஆபத்து இருக்கிறது. இவர் இரண்டிலும் ஓட்டுகிறார், அதனால் ரேடியல், புதுசு.

வாங்கும்போது சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மட் டயர் மெதுவாக விற்கிற சரக்கு, கடையில் நாள்பட்டுக் கிடக்கும். பழசானால் ரப்பர் இறுகும், ஈரத்தில் அது இன்னும் வழுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு, சில அளவுகள் வருவதே அபூர்வம். அதனால் ஒரே நேரத்தில் ஐந்தையும் வாங்குங்கள். நாலு வாங்கிவிட்டு ஐந்தாவதைப் பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

விளாத்திகுளம் விவசாயி (விளாத்திகுளம்)

கரிசலில் இறங்கும் முன் காற்றை 18-க்கு இறக்குங்கள், நல்ல சேறு என்றால் 15. அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழலும், அப்புறம் சேற்றில் ஜாக்கி போட இடம் தேடணும். லோ ரேஞ்சில் இரண்டாவதோ மூன்றாவதோ போட்டு, இடையில் நிறுத்தாமல் ஒரே சீராகப் போங்கள். வண்டி திணறுகிறது என்றால் அங்கேயே மிதித்துக் குழி பறிக்காமல் வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற பிளாஸ்டிக் மட்ஃப்ளாப்பை அந்த மூன்று மாதம் கழற்றி வீட்டில் வையுங்கள், மண் முதலில் இறுகுவது அதில்தான். கூடவே ஒரு களைக்கொத்தும் வண்டியில் கிடக்கட்டும்.

ஜிம்னிக்காரி (சேலம்)

இழையை இப்போதுதான் படித்தேன். எனக்கு மாருதி ஜிம்னி, லிஃப்ட் ஒன்றரை அங்குலம். கம்பெனி டயர் 195/80 ஆர்15. ஏற்காட்டு எஸ்டேட் பாதைக்கு 235/75 ஆர்15 மட் டயர் போடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். மேலே சொன்னது எனக்கும் பொருந்துமா?

பழைய பட்டறை (கோவை)

கணக்கு அதேதான் அம்மா, ஆனால் உங்களுக்கு இன்னும் கறாராக. 195/80 ஆர்15 சுமார் 693 மி.மீ., 235/75 ஆர்15 சுமார் 734. அதாவது 6 சதவீதம் கூடுதல். தாரில் 6 சதவீதத்தை 300 நியூட்டன் மீட்டர் மறைத்துவிடும். ஜிம்னியில் இருப்பது 134. ஏற்காடு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போன வண்டி முதல் கியர் கேட்கும். 215/75 ஆர்15 பாருங்கள், சுமார் 704 மி.மீ. உயரம் பெரிதாகக் கூடாது, ஆனால் மட் டயரின் பிடிமானம் கிடைக்கும், வெட்டுகிற வேலை இல்லை. உங்கள் வண்டிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர். எஸ்டேட் பாதை செம்மண்ணும் கல்லும் என்றால் மட் டயருக்குப் போகும் முன் நல்ல ஏ.டி. டயரை ஒரு மழைக்கு ஓட்டிப் பாருங்கள். பாதையின் படம் இருந்தால் போடுங்கள், ஏற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தால் இன்னும் சரியாகச் சொல்லலாம்.